ஏழு பறவைகளும் ஓர் ஆட்டுக் காதும்

தென்காசி ஜெபா ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போட்ட எல்லாருடைய தலைக்கு மேலும் ஏழு பறவைகள் பறந்திருக்கின்றன. தாலி கட்டும்போது பறக்கும். மோதிரம் மாற்றும்போது பறக்கும். குற்றாலத்துப் பாறைமேல் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்ளும்போது கட்டாயம் பறக்கும். எல்லாம் அதே ஏழு. எந்தக் காலத்திலோ ஓர் ஆல்பம் டிசைன் சிடியோடு வந்து சேர்ந்தவை. அவற்றை எடுத்து ஒட்டுகிற வேலை ஆவுடைத்தாயுடையது.

ஆவுடை பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றவள். இங்கிலீஷ் டீச்சர் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னார். ஆவுடையும் எழுந்தாள். மற்றவர்கள் நாலு வரி சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தார்களோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் காய்ச்சல். காய்ச்சல் அந்த வாரமே போய்விட்டது. அவள்தான் திரும்பப் போகவில்லை.

ஸ்டுடியோவின் பின்னறையில் இருந்த கம்ப்யூட்டர் அவளைப் பற்றி நாலு வரி கேட்டதில்லை. ஆகவே இருவருக்கும் ஒத்துப்போனது. பருவை எடுப்பாள், வழுக்கையில் முடி வைப்பாள், கோபத்தில் நிற்கும் சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்து அலுங்காமல் வெளியேற்றுவாள். வெளியே கல்யாண வேலைக்கு வண்டி கிளம்பும்போது, முதலாளி ஜெபசிங் அண்ணாச்சி முன் சீட்டிலிருந்து ஒரு குரல் கொடுப்பார்.

"ஆவுடை, எல்லாம் ஏத்தியாச்சா?"

பதில் வராது. வரவில்லை என்றால் எல்லாம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவளே அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். "சரி, எடு வண்டிய" என்பார் அண்ணாச்சி. வருடக்கணக்காக இந்த ஏற்பாடு பிசகியதே இல்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த வண்டியில் கேமராவோடு தானும் ஏற வேண்டும். ஒரு தடவை வீடியோ எடுக்கும் ஜெஸ்வின் மூலமாக அதை அண்ணாச்சி காதில் போட்டும் பார்த்தாள். தானே கேட்டால் பேச வேண்டியிருக்கும் அல்லவா?

அண்ணாச்சி பின்னறை வாசலில் வந்து நின்றார். "போட்டோ எடுக்கதுல ஒண்ணும் இல்லட்டி. பட்டனை அமுக்குனா விழுது. தாலி கட்டுத நேரத்துல குறுக்க வந்து நிப்பான் பாரு தாய்மாமன், அவனை விலக்கணும். அதுக்குத் தொண்டை வேணும். உங்கிட்ட இருக்கா?"

ஆவுடை பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இப்படி இருக்கையில்தான் ஹம்னா வந்தாள். கார்த்திகையில் கல்யாணமானவள். துபாயில் வேலை பார்க்கும் சுஹைபின் மனைவி. ஆல்பத்தின் மாதிரியை ஸ்டுடியோ முன்பக்கத் திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எங்க லாத்தா எனக்கு மூத்தவ, அவ ஆல்பத்துலயும் இதே ஏழு பறவதான். கடைசிப் பறவைக்கு ஒரு பக்கம் றெக்க பாதிதான் இருக்கும், அதுவும் அப்படியே இருக்கு."

"அது மாடல்மா. இப்ப எல்லாரும் விரும்புதாங்க."

"சரி, குத்தாலத்துல பறந்தா பறந்துட்டுப் போகட்டும். இது நிக்காஹ் நடந்த மண்டபம். ஃபேனுக்கும் கீழ பறக்குதே, எது வழியா உள்ள வந்துச்சு?"

அண்ணாச்சி பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னறையில் ஆவுடை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கத்தைச் செய்தபோது அவளுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

"வேற பறவ வேணும். யாரு ஆல்பத்துலயும் இல்லாத பறவ" என்றாள் ஹம்னா. "பொங்கலுக்கு முந்தி இவங்க துபாய் போறாங்க. ஆல்பத்தக் கையில கொண்டுபோகணுமாம்."

"நெட்ல நல்லதா நாலு எடுத்துப் போட்டிருவோம்" என்றான் ஜெஸ்வின்.

"நெட்ல இருக்கது எங்க லாத்தாவுக்கும் கிடைக்கும்லா?"

அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கூந்தன்குளத்துல வாத்து வந்திருக்கும்."

மூன்று பேரும் திரும்பினார்கள். கம்ப்யூட்டர் பேசிவிட்டது என்றே ஜெஸ்வின் ஒரு கணம் நினைத்தானாம்.

விஷயம் இதுதான். அந்த ஏழும் என்ன பறவை என்று தெரிந்துகொள்ள ஒருநாள் தேடப் போனவள், அவை என்னவென்று கண்டுபிடிக்காமலே வேறு ஐம்பது பறவைகளைப் பற்றித் தெரிந்துகொண்டுவிட்டாள். அதில் வரித்தலை வாத்து அவளைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைத் தலையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இரண்டு கறுப்புக் கோடு. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி, மலையைத் தாண்டிப் பறந்து, குளிர்காலத்துக்கு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருகிறது. அதைவிட முக்கியமாக, அதனிடம் யாரும் "சிரிங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பி நாடியை இறக்கச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் தனக்கென்றே ஒரு போட்டோ வேலை இருக்கிறது என்று ஆவுடைக்குத் தெரிந்தபோது, தன் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் அது இருந்தது.

அண்ணாச்சி வாடிக்கையாளர் முன்னால் தோற்க விரும்பாத மனிதர். "அப்ப நீயே போய் எடுத்துட்டு வா" என்றார். ஹம்னா போன பிறகு, "நெசமாத்தான் சொல்லுதேன். யாரு ஆல்பத்துலயும் இல்லாத பறவையக் கொண்டா. தை மாசம் முதல் முகூர்த்தத்துல இருந்து வண்டில உனக்கு ஒரு சீட்டு. கொண்டுவரலன்னா, அந்த ஏழு பறவையக் கட்டிக்கிட்டு உள்ளேயே இரு" என்றார்.

ஆவுடை அன்று முழுவதும் திட்டம் போட்டாள்.

முதலில் கேமரா என்றைக்குச் சும்மா இருக்கும் என்பது. மார்கழியில் இந்துக்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரிசையாக வைப்பார்கள், அதற்கு முந்திய வாரங்களில் வைக்க மாட்டார்கள். ஆக மார்கழி பிறந்து கிறிஸ்துமஸ் வருவதற்கு நடுவில் இரண்டு சாமிகளும் சேர்ந்து லீவு விட்ட ஒரு வாரம் இருந்தது. அதில் ஒரு நாள்.

அப்புறம் பஸ். தென்காசியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து மூலைக்கரைப்பட்டி, அங்கிருந்து கிடைத்ததில் ஏறிக் குளம். கண்டக்டரிடம் பேச வேண்டிய இடங்களை எண்ணிப் பார்த்து, சில்லறையைச் சரியாக நீட்டினால் ஊர்ப் பெயரோடு முடித்துவிடலாம் என்று கண்டுகொண்டாள். மத்தியானம் பறவைகள் தூங்கும், சாயங்காலம்தான் வேலை என்று படித்திருந்ததால், பொழுது சாயும்வரை இருப்பது. பச்சை அல்லது மண் நிறத்தில் உடுத்துவது. பளிச்சென்று எதுவும் கூடாது. சத்தம் கூடவே கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது அவளுக்கு ஏற்பட்ட பெருமை, பத்தாம் வகுப்பு மார்க் வந்தபோதுகூட ஏற்பட்டதில்லை. பிறந்ததிலிருந்து இதற்குத்தானே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

ஒத்திகை ஒன்று தேவை என்று அண்ணாச்சி சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்வினோடு குற்றாலத்துக்கு அனுப்பினார். மெயின் அருவியில் ஐயப்ப சாமிமார் கூட்டம். கறுப்பு வேட்டிகளுக்கு நடுவில் ஆவுடை கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாருடைய குழந்தையையோ தொலைத்தவள் போல நின்றாள். ஓடைக்கரைக் கல்லில் மஞ்சள் வயிற்றோடு ஒரு வாலாட்டி இருந்தது. பெரிய லென்ஸைத் திருப்பினாள். அது பெயருக்கு உண்மையாக நடந்துகொண்டது. எடுத்த படம் எல்லாவற்றிலும் அந்தக் குருவிக்கு இரண்டு வால்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர், தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்து லென்ஸுக்கு நேராக நின்றார்.

"ஏட்டி, என்னையவா எடுக்க?"

ஆவுடை இல்லை என்று தலையாட்ட நினைத்தாள். தலை எந்தப் பக்கம் ஆடியதோ தெரியாது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்து, மீசையை ஒதுக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டார். அவர் பின்னால் வாலாட்டி அழகாகப் பறந்து போனது. அவரை நாலு கோணத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசிக் கோணத்தின்போது ஒரு குரங்கு வந்து லென்ஸ் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"பறவ கிடைச்சிதா?" என்று அண்ணாச்சி மறுநாள் கேட்டபோது, ஜெஸ்வின், "ஒண்ணு கிடைச்சிது அண்ணாச்சி, நல்ல மீச" என்றான்.

இனிமேல் அம்மாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இமயமலையைத் தாண்டி வருகிற பறவையைப் பார்க்க, இலஞ்சியிலிருந்து கிளம்புகிற ஆவுடை, கோமதியம்மாளைத் தாண்ட வேண்டியிருந்தது.

கோமதியம்மாள் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒத்தையிலயா?"

"ம்."

"என்னத்தப் பாக்க?"

"வாத்து."

"வாத்தா?" கை நின்றுவிட்டது. "ஏட்டி, வாத்தப் பாக்க எதுக்குட்டி நாங்குநேரி? வயக்காட்டுல இருநூறு வாத்து மேயிதே, ஆந்திராக்காரன் கொண்டாந்து விட்டிருக்கானே, அது உன் கண்ணுக்கு வாத்தாத் தெரியலையோ?"

வரித்தலையைப் பற்றி, மலையைப் பற்றி, அந்தக் கறுப்புக் கோடுகளைப் பற்றி ஆவுடை மனசுக்குள் மிக அழகாக எடுத்துச் சொன்னாள். வெளியே ஒன்றும் வரவில்லை.

"ஒத்தையில எல்லாம் அனுப்ப முடியாது. உங்க முதலாளி வீட்டம்மா கூட வந்தா போ" என்று தீர்ப்பாயிற்று.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அண்ணாச்சி மனைவி சுஜிதா மதினி விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷப்பட்டாள். "கூந்தன்குளமா? அங்கன இருந்து உவரி பக்கம்லா!" மதினி கல்யாணத்துக்கு முந்தி ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம்; உவரி அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை பாக்கி வைத்திருந்தாள். மதினி போகிறாள் என்றால் மதினியின் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் சும்மா இருக்குமா? அத்தனை பேர் பஸ்ஸில் போவதா? வேன் பேசப்பட்டது. வேனில் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட கோமதியம்மாள், "உவரி வரைக்கும் போயிட்டு திருச்செந்தூர் போகாம வந்தா முருகன் என்ன நினைப்பாரு" என்று கேட்டு, தெருவில் தன்னோடு பீடி சுற்றுகிற மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டாள். அந்த மூன்று பேரில் ஒருத்தி மணப்பாடு கடற்கரையைப் பார்த்ததில்லை என்றாள். அதுவும் சேர்ந்தது.

ஒவ்வொன்றும் சேரும்போது ஆவுடை பக்கத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி அவளைப் பார்த்து, "என்னட்டி, சரிதானே?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஸ்டுடியோ வழக்கப்படி அது சம்மதம்.

கடைசியில் திட்டம் இப்படி வந்து நின்றது: உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், போகிற வழியில் பத்து நிமிஷம் பறவை.

மார்கழிப் பனியில் விடியுமுன்னே கிளம்புவதாக இருந்த வேன், வெயில் ஏறியபின் இலஞ்சிக்கு வந்தது. ஆவுடை ஆரஞ்சு நிறச் சுடிதாரில் நின்றாள். பச்சை நிறத்தைத்தான் எடுத்து வைத்திருந்தாள். "கோயிலுக்குப் போறப்ப இந்த மங்குன துணியையா உடுத்துவ?" என்று அம்மா அதை நனைத்துப் போட்டுவிட்டாள். தூரத்தில் நின்று பார்த்தால் இலஞ்சி முக்கில் சாலை வேலை நடக்கிறது என்று வண்டிகள் ஒதுங்கிப் போயிருக்கும்.

கடைசி சீட்டில், புளிச்சோற்று வாளிக்கும் ஜமுக்காளச் சுருளுக்கும் நடுவில் அவளுக்கு இடம். கேமரா மடியில். அதற்கு முந்திய சீட்டில் ஜெஸ்வின். டிரைவர் சுடலைமாடன் பாட்டுப் போட்டார். கோமதியம்மாள் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு ஆலங்குளம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். திருநெல்வேலியில் டிபன் சாப்பிட இறங்கினார்கள். திரும்பும்போது நேரமாகிவிடும் என்று போகும்போதே அல்வா வாங்கினார்கள். வாங்கின அல்வா சூடாக இருக்கிறது என்று நின்று தின்றார்கள்.

வழியெல்லாம் ஆவுடை ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். 'அண்ணாச்சி, என்னைய இங்கன விட்டுட்டுப் போங்க, வரும்போது ஏறிக்கிடுதேன்.' அதைச் சுருக்கிப் பார்த்தாள். 'என்னைய விட்டுட்டுப் போங்க.' இன்னும் சுருக்கி, 'நான் இருக்கேன்.' ஒரு வார்த்தைக்குக் கொண்டுவர முடியுமா என்று மூலைக்கரைப்பட்டி வரை யோசித்தாள்.

கூந்தன்குளத்துக்குள் வேன் நுழைந்தபோது உச்சி வெயில். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. குளத்துக்கரைக்குத் திரும்பும் இடத்தில், ஆடுகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் வேனின் பக்கவாட்டில் கம்பால் தட்டினாள்.

"பாட்ட அமத்துங்க அண்ணாச்சி. தீவாளிக்குக்கூட வெடி போடாத ஊரு இது. பறவ இருக்குல்லா."

சுடலைமாடன் அமர்த்தினார். ஊரே தன்னைப் போல இருக்கிறது என்று ஆவுடைக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பெண்ணின் பெயர் காளீஸ்வரி என்று பிற்பாடு தெரிந்தது.

குளம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தகதகவென்று கிடந்தது. எதிர்க்கரையில் சாம்பல் நிறத்தில் சின்னச்சின்னக் கல்லாகக் கொஞ்சம் தெரிந்தது.

"எங்கட்டி உன் வாத்து?" என்றார் அண்ணாச்சி.

ஆவுடை கல்லைக் காட்டினாள். மத்தியானத் தூக்கம். ஒவ்வொன்றும் தலையைத் திருப்பி இறக்கைக்குள் செருகியிருந்தது. எந்தத் தலையின் கோடுகளுக்காக இத்தனை தூரம் வந்தாளோ, அந்தத் தலை ஒன்றுக்குக்கூட இல்லை.

"இதுக்கா இம்புட்டுத் தூரம்? மஞ்சனத்திக் கட்டை மாதிரி கிடக்கு" என்றாள் மதினி. "சரி, ஒரு போட்டோ எடுத்துட்டு ஏறு. உவரில மூணு மணிக்குள்ள இருக்கணும்."

ஆவுடை கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, ஓர் உடைமரத்து நிழலில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஒரு வாத்தும் தலையை எடுக்கவில்லை. மேலே எல்லாரும் ஏறுகிற சத்தம் கேட்டது. இப்போது எழுந்து போய் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். நான் இருக்கேன். நான் இருக்கேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் முன் சீட்டிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது, ஸ்டுடியோ வாசலில் வருகிற மாதிரியே.

"ஆவுடை, எல்லாரும் ஏறியாச்சா?"

பதில் வரவில்லை.

"சரி, எடு வண்டிய."

வேன் உறுமியது. ஓடினால் பிடித்துவிடலாம். ஒரு கை தட்டினால் போதும். ஆவுடை உடைமரத்தோடு சாய்ந்துகொண்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பேச முடியாமல் பேசாதிருந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

ஆடுகளோடு வந்த காளீஸ்வரி அவளையும் புழுதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, உன்னைய விட்டுட்டுப் போறாவளே!"

"ஆமா."

"ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதானே?"

"பறவ இருக்குல்லா" என்றாள் ஆவுடை.

அந்த ஊரில் அது போதுமான காரணம். காளீஸ்வரி தலையை ஆட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து கொஞ்சம் கூழ் கொடுத்தாள்.

போன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அதாவது உவரி போய்ச் சேர்ந்து, இறங்கி, ஜெஸ்வின் கடைசி சீட்டைப் பார்த்து, "ஆவுடை, இறங்கு" என்று ஜமுக்காளச் சுருளைத் தொட்ட பிறகு. வழியெல்லாம் அந்தச் சுருளோடுதான் அவன் பேசிக்கொண்டு போயிருக்கிறான். எப்போதும் போலவே கேட்டுக்கொண்டிருந்ததாம்.

போனில் அம்மா அழுதாள், மதினி அதட்டினாள், அண்ணாச்சி கத்தினார். "ஏட்டி, எங்கட்டி இருக்க? உயிரோட இருக்கியா? ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா உனக்கு?"

ஆவுடை போனைக் கையால் பொத்திக்கொண்டாள். எதிர்க்கரையில் கற்கள் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தன.

"சத்தம் போடாதிய அண்ணாச்சி" என்றாள் ரகசியமாக. "பறவ முழிச்சிட்டு." வைத்துவிட்டாள். முதலாளிக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்தபோது எடுத்த இரண்டு படம் ஆடிப்போயிற்று.

வெயில் இறங்க இறங்க வாத்துகள் புல் மேய்ந்துகொண்டே கரையோரமாக வந்தன. ஆரஞ்சுச் சுடிதாரை அவை பொருட்படுத்தவில்லை. இன்னும் கிட்டே வந்தன. ஸ்டுடியோவின் எழுபது-இருநூறு லென்ஸுக்கே எட்டுகிற தூரம். முன்னால் நின்றது தலையைத் தூக்கியது. இரண்டு கோடும் தெரிந்தது. பின்னாலே ஒன்று, அதற்குப் பின்னாலே இன்னொன்று. எல்லாம் அவளைப் பார்த்து வரிசையாக, குடும்பப் படத்துக்கு நிற்பது போலத் தாமாகவே நின்றன. யாரும் நாடியை இறக்கச் சொல்லவில்லை. ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனில் விரலை வைத்தாள்.

திரை இருண்டது. கண்ணை எடுத்துப் பார்த்தாள். காளீஸ்வரியின் ஆடு ஒன்று லென்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உடைமரத்திலிருந்து விழுந்த உடங்காயை மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. தாய்மாமன்களுக்கே உரிய நிதானம். கையை அசைத்தாள். போகவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. பின்னால் வாத்துகள் இன்னும் அப்படியே நின்றன, இன்னும் ஒரு நொடி நிற்கும், இரண்டு நொடி...

"ஏ மூதி! தள்ளிப் போ அங்கிட்டு!"

பதினோராம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. குளத்தின் அந்தக் கரையில் பட்டுத் திரும்பி வந்து அவள் காதிலேயே மோதியது. ஆடு துள்ளி விலகியது. குளத்திலிருந்த வாத்து, கொக்கு, நாரை எல்லாம் ஒன்றாக எழும்பின. விரல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

சத்தம் அடங்கிய பிறகு காளீஸ்வரி மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"எத்தன தீவாளி பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள். "ஒரே ஆளா வெடி போட்டுட்டியே தாயி."

வேன் திருச்செந்தூருக்கும் போகாமல், மணப்பாட்டுக்கும் போகாமல், உவரியோடு திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டது. அம்மா ஊர் வரும்வரை அவளோடு பேசவில்லை. குடும்பத்தில் அந்த வேலைக்கு அதுவரை ஆவுடை ஒருத்திதான் இருந்தாள். மணப்பாட்டைப் பார்க்காதவள் மட்டும், "கூட்டிட்டு வந்துட்டுக் காட்டாமக் கொண்டுபோறாவ" என்று இருட்டில் இரண்டு தடவை சொன்னாள். ஆலங்குளத்தில் நின்றபோது அண்ணாச்சி பின்னால் வந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஜமுக்காளத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

படங்களை மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டார்கள். தேறியது ஒன்றே ஒன்று. வாத்துகள் எழும்பிய படம், தெளிவாக விழுந்திருந்தது. சாயங்கால வெளிச்சம், இறக்கையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், எல்லாம் இருந்தது. ஆனால் அத்தனையும் ஓடிப்போகிற வாத்துகள். எல்லாவற்றின் பின்பக்கமும் ஸ்டுடியோவைப் பார்த்திருந்தது. கீழே இடது மூலையில், மங்கலாக, பழுப்பு நிறத்தில், ஓர் ஆட்டுக் காது.

"முதுகைக் காட்டிக்கிட்டுப் போற பறவையை எந்த மாப்பிள்ள தலைக்கு மேலட்டி போடுவ?" என்றார் அண்ணாச்சி.

ஆவுடைக்கு அந்த ஏழு பறவைகளின் முகமும் ஞாபகம் வந்தது. இனி சாகும்வரை அவற்றோடுதான் என்று முடிவுசெய்து, பாதி இறக்கைக்காரனுக்காவது இன்னொரு பாதியை வரைந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹம்னா வந்தாள். இந்தத் தடவை பின்னறைக்கே வந்து, ஆவுடையின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் போகுதே" என்றாள்.

ஆவுடை படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினாள்.

"தண்ணி சொட்டுததுகூட விழுந்திருக்கு... இது நெசமாவே நீ எடுத்ததா? நெட்ல கிடையாதே?"

"கிடையாது."

"இது என்ன மூலையில?"

"ஆட்டுக் காது. எடுத்திருதேன்." ஆவுடை அவசரமாக அதை அழிக்கப் போனாள். கோபக்காரச் சித்தப்பாவையே வெளியேற்றியவளுக்குக் காது எம்மாத்திரம்?

ஹம்னா அவள் கையைப் பிடித்தாள். "ஏய், அத எடுக்காத. எங்க லாத்தா ஆல்பத்துல காது கிடையாது."

அந்தப் படம் ஆல்பத்தின் கடைசி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் கீழே சின்னதாக நின்றார்கள். மேலே வானம் முழுக்க வாத்துகளின் பின்பக்கம். சுஹைபுக்கு அது எதற்கு என்று புரிந்ததோ என்னவோ, துபாய்க்குக் கொண்டுபோய்விட்டான்.

அண்ணாச்சிதான் நாலைந்து நாள் இறுக்கமாக இருந்தார். அப்புறம் ஜெஸ்வின் மூலமாக ஆட்டுக் கதை முழுதும் அவர் காதுக்கு வந்தது. ஆவுடை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கேமராப் பையில் எழுதியிருந்த ஸ்டுடியோ நம்பருக்கு ஒரு போட்டோ கேட்டு காளீஸ்வரி பேசியிருக்கிறாள். தன் ஆட்டின் போட்டோ. காதோடு நின்றுவிடாமல், முழுசாக.

"குளத்துக்கு அந்தக் கரைவரை கேட்டுச்சாம்லா" என்றார் அண்ணாச்சி, பின்னறை வாசலில் நின்று. "நான் கேட்டது பறவ இல்லட்டி, தொண்ட. தை பொறந்து முதல் கல்யாணம் வீரகேரளம்புதூர்ல. வண்டில ஏறிக்க."

வீரகேரளம்புதூரில் அன்றைக்கு மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். ஆவுடை மேடைக்குக் கீழே நின்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். ஆரஞ்சுச் சுடிதார்தான், அம்மா எடுத்துக் கொடுத்தது. குனிந்த பெண்ணின் கழுத்து, மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சுக்குத் தயாரான நாத்தனார், எல்லாம் சரியாக விழுந்தது.

திரை இருண்டது. வெள்ளைச் சட்டை போட்ட அகலமான ஒரு முதுகு குறுக்கே வந்து நின்றது. தோளில் துண்டு, கையில் பூமாலை. தாய்மாமன்.

ஆவுடை கையை அசைத்தாள். அவர் நகரவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது.

கண்ணை ஒரு நொடி மூடி, உடங்காய் மெல்லுகிற அந்த முகத்தை நினைத்துக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.